வீட்டுப்பாடத்தில் கிடைத்த கடைசிச் செடி

ஆசிரியர் கொடுத்தது ஒரு சாதாரண வீட்டுப்பாடம்தான். தீவில் வளரும் செடிகளைப் பற்றி வகுப்பில் பேசியவர், வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் செடிகளிலிருந்து கிளைகள் பறித்துவரச் சொன்னார். மறுநாள் வகுப்பறை முழுக்கப் பச்சை வாசனை. பிள்ளைகள் கொண்டுவந்ததில் பெரும்பாலானவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு பையன் நீட்டிய கிளையை மட்டும் ஆசிரியரால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாத ஆசிரியர் அவர். கிளையைத் தூக்கிப் போடாமல், விவரம் தெரிந்தவர்களிடம் அனுப்பிவைத்தார். அது லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் நிபுணர்கள்வரை போய்ச் சேர்ந்தது. அவர்கள் சொன்ன பதிலை ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, அந்தப் பையனும் எதிர்பார்த்திருக்க மாட்டான். அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகத்தைவிட்டுப் போய்விட்டதாகக் கருதப்பட்ட செடி!

இது நடந்தது 1979-80 வாக்கில். இடம், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிக்ஸ் என்ற குட்டித் தீவு. செடியின் பெயர் 'கஃபே மரோன்'.

பையன் காட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். சாலையோரமாக நின்றிருந்தது ஒரே ஒரு புதர். ஆடு மாடுகள் கடித்து, பூச்சி அரித்து, நோஞ்சானாக நின்றது. தீவு முழுக்கத் தேடியும் அதற்கு ஒரு துணை கிடைக்கவில்லை. அந்த இனத்தில் பூமியில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

ஆமைகளின் தீவு

மொரீஷியஸிலிருந்து கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் கடல் தாண்டினால் ரோட்ரிக்ஸ். எரிமலை கக்கிய பாறையால் உருவான தீவு. மொத்தப் பரப்பு 108 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு!

1691ஆம் ஆண்டு ஃபிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர் சில தோழர்களுடன் இங்கே வந்து இறங்கினார். மதத்தின் பெயரால் சொந்த நாட்டில் வாழ முடியாமல் வெளியேறியவர். இரண்டு ஆண்டுகள் இங்கே தங்கிவிட்டு, பிறகு தான் கண்டதையெல்லாம் புத்தகமாக எழுதினார். தரையில் கால் வைக்காமல் ஓடுகளின் மீதே நடந்து போகலாம் என்னும் அளவுக்கு ராட்சத ஆமைகள் கூட்டம் கூட்டமாக இருந்ததாக அதில் வியந்திருக்கிறார். டோடோவுக்குச் சொந்தமான, பறக்கத் தெரியாத 'சாலிடேர்' பறவையையும் வர்ணித்திருக்கிறார்.

அடுத்த நூறாண்டுக்குள் இரண்டும் இல்லாமல் போயின. ஆமைகளை ஆயிரக்கணக்கில் கப்பலில் ஏற்றி, இறைச்சிக்காக மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்களோடு வந்த விலங்குகள் பெருகின. காடுகள் வெட்டப்பட்டு விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் ஆயின. வெளியூர்ச் செடிகள் வந்து வேர் பிடித்து, ஊர்ச் செடிகளின் இடத்தை எடுத்துக்கொண்டன.

1874ஆம் ஆண்டு டிசம்பரில், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து போவதைப் பார்க்க ஆங்கிலேய அறிவியலாளர்கள் குழு ஒன்று ரோட்ரிக்ஸ் வந்தது. அந்தப் பயணத்தில் ஐசக் பெய்லி பால்ஃபோர் என்ற 21 வயது தாவரவியலாளரும் இருந்தார். மற்றவர்கள் வானத்தைப் பார்க்க வந்தார்கள், இவர் தரையைப் பார்க்க வந்தார். தீவின் செடிகளைச் சேகரித்து அவர் எழுதிவைத்த விவரங்களில், காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதரும் இருந்தது. ஒரே செடியில் இருவேறு வடிவ இலைகள். அதையே குறிப்பாக வைத்து, 'வேறுபட்ட இலை கொண்டது' என்ற பொருளில் பெயரும் வைத்தார்.

காலப்போக்கில் அந்த வகைப் புதர்கள் அறிவியலின் கண்ணில் படாமல் போயின. அழிந்துபோனவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இட்லிப்பூவின் சொந்தக்காரன்

பெயரில் 'கஃபே' இருப்பது சும்மா இல்லை. காப்பிச் செடி எந்தக் குடும்பமோ, இதுவும் அதே குடும்பம். வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இட்லிப்பூ இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். வேலியோர நுணா மரமும் அப்படியே. ஆக, தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கு இந்தச் செடி முழுக்க அந்நியம் இல்லை. தூரத்து உறவு.

பூ வெள்ளை வெளேரென்று, ஐந்து இதழ் விரித்து, நட்சத்திரம் போல இருக்கும்.

'மரோன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. அந்தத் தீவுப் பகுதிகளில், எசமானிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய அடிமைகளை 'மரோன்' என்பார்கள். ஆள் வளர்க்காமல் தானாகக் காட்டில் திரிவது எல்லாவற்றுக்கும் பிறகு அதே சொல் ஒட்டிக்கொண்டது. 'கஃபே மரோன்' என்றால் காட்டுக் காப்பி. தப்பித்து ஒளிந்த காப்பி என்றும் வைத்துக்கொள்ளலாம். ரோட்ரிக்ஸ் மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் வம்சாவளி. அவர்களுடைய தீவில், அந்தப் பெயரோடு, ஒரு செடி ஒற்றையாக உயிர் பிழைத்துக் கிடந்தது.

அதன் இன்றைய தாவரவியல் பெயர் 'ராமோஸ்மானியா ரோட்ரிகேசி'. 1982இல் ராமோஸ்மானியா என்ற பேரினத்தை வகுத்த இருவரில் ஒருவர், மொரீஷியஸ் தாவரவியலாளர் திர்வெங்கடும். ரோட்ரிகேசி என்ற சிற்றினப் பெயரைத் தந்தவரும் அவரே. திருவேங்கடம் என்ற தமிழ்ப் பெயர்தான் பிரெஞ்சு நாக்கில் புரண்டு அப்படி ஆகியிருக்கிறது. தாவரவியல் வழக்கப்படி, பெயர் வைத்தவரின் பெயர்ச் சுருக்கத்தைச் செடியின் பெயருக்குப் பின்னால் எழுதுவார்கள். அந்த வழக்கத்தில், எங்கோ நடுக்கடலில் நிற்கும் செடியின் பெயருக்குப் பக்கத்தில் 'திர்வெங்' என்று வேங்கடத்தானும் நிற்கிறார்!

வேலி மேல் வேலி

செடி கிடைத்த செய்தி பரவியது. இனிமேல் அதற்கு நல்ல காலம்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அதற்குக் கஷ்டகாலம் தொடங்கியதே அப்போதுதான்.

ஊர்க்காரர்களுக்குக் கஃபே மரோன் புதிதல்ல. அது அவர்களுடைய நாட்டு வைத்தியத்தில் இருந்த செடி. பால்வினை நோய்க்கும், குடித்த மறுநாள் மண்டையைப் பிளக்கும் வலிக்கும் அது மருந்து என்ற நம்பிக்கை உண்டு. இருக்கும் இடம் தெரியாமல் இருந்தவரை செடி பிழைத்திருந்தது. வெளிநாட்டு நிபுணர்களே தேடி வருகிறார்கள் என்றதும், அதன் மகிமை இன்னும் கூடிப்போனது. ஆளுக்கு ஓர் இலை, ஆளுக்கு ஒரு கிளை என்று ஒடிக்கத் தொடங்கினார்கள்.

சுற்றி வேலி போட்டார்கள். வேலியைத் தாண்டினார்கள். இன்னொரு வேலி போட்டார்கள். அதையும் தாண்டினார்கள். வேலி கூடக் கூட, உள்ளே இருப்பது அவ்வளவு பெரிய பொருள் போலிருக்கிறது என்ற எண்ணமும் கூடியது.

இதைப் படிக்கும்போது அந்த ஊர்க்காரர்கள் மீது கோபம் வரலாம். ஆனால், கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். அறிவியல் அந்தச் செடியைத் தொலைத்திருந்த காலத்திலும் ஊர் அதைத் தொலைக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்திருக்கிறது. எதற்கு உதவும் என்று ஞாபகம் வைத்திருக்கிறது. அது கடைசி ஒன்று என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. பாட்டி காலத்தில் பறித்தது போலவே பேரன் காலத்திலும் பறித்தார்கள். பாட்டி காலத்தில் நிறைய இருந்தது. பேரன் காலத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்த வித்தியாசத்தை அவர்களுக்கு யாரும் பக்குவமாக உட்கார்ந்து சொல்வதற்கு முன்பே வேலி வந்துவிட்டது.

விமானம் ஏறிய போத்து

ஒரே செடி. ஒரு புயல் அடித்தாலும், ஓர் ஆடு உள்ளே புகுந்தாலும், ஓர் இரவில் ஒருவன் அரிவாளோடு வந்தாலும் கதை முடிந்தது. அதனால் 1986இல் ஒரு முடிவு எடுத்தார்கள். செடியிலிருந்து சில போத்துகளை வெட்டி, ஈரம் காயாமல் பொதிந்து, விமானத்தில் லண்டனுக்கு அனுப்பினார்கள். கியூ பூங்காவின் நாற்றங்காலில் அவற்றை ஊன்றிக் காத்திருந்தார்கள்.

ஒன்று வேர் பிடித்தது. ஒன்றே ஒன்று!

முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு இந்த இடத்தின் தவிப்பு புரியும். துளிர் விடுமா, கருகிவிடுமா என்று தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்போமே, அதே தவிப்புதான். முருங்கை போனால் பக்கத்து வீட்டில் இன்னொரு போத்து கேட்கலாம். இவர்களுக்கு எட்டிப் பார்க்கப் பக்கத்து வீடு இல்லை.

வேர் பிடித்த அந்தப் போத்து வளர்ந்தது. அதிலிருந்து மேலும் போத்துகள் எடுத்தார்கள். கண்ணாடிக் கூடத்தில், பனிக்கும் குளிருக்கும் எட்டாமல், கஃபே மரோன் சௌக்கியமாகப் பூத்தது. வெள்ளை வெள்ளையாக வருடம் முழுக்கப் பூத்தது.

ஆனால், காய்க்கவில்லை.

வருடங்கள் ஓடின. பூ வரும், மலரும், உதிரும். ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காது. இங்கேதான் உண்மையான ஆபத்து இருந்தது. ஒரு முருங்கை மரத்திலிருந்து நூறு போத்து எடுத்து நூறு வீட்டில் நட்டாலும், மரபணுக் கணக்குப்படி அது ஒரே மரம்தான். தாய் மரத்துக்கு எந்த நோய் ஆகாதோ, அது நூறுக்கும் ஆகாது. விதையில் மட்டும்தான் மரபணுக்கள் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து, புதிதாக ஒரு கை விழும். கஃபே மரோன் எத்தனை தொட்டிகளில் இருந்தாலும், விதை பிடிக்காதவரை அது தனி மரம்தான். அதைக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. சாவைத் தள்ளிப்போட்டதாக வேண்டுமானால் சொல்லலாம்.

கத்தியோடு வந்த தோட்டக்காரர்

கார்லோஸ் மக்டலேனா ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் பிறந்தவர். அம்மா பூக்கடைக்காரர். பிழைப்புக்காக லண்டன் வந்து, உணவக வேலைகள் பார்த்து, கடைசியில் கியூ பூங்காவில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெரிய பட்டம் எதுவும் கையில் இல்லை. கஃபே மரோன் காய்க்கவே காய்க்காது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட நேரத்தில், அந்தச் செடி அவர் கண்ணில் பட்டது.

மகரந்தம் பூவின் சூல்முடியில் விழுந்து, அங்கே முளைத்து, சூல்தண்டு வழியாக ஒரு நுண்ணிய குழாய் போல் இறங்கி, அடியில் இருக்கும் சூலகத்தை அடைந்தால்தான் விதை உருவாகும். பல செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வாசலிலேயே தடுத்துவிடும். நெருங்கிய சொந்தத்துக்குள் கலப்பு வேண்டாம் என்பதற்காக இயற்கை போட்ட பூட்டு அது. நிறைய செடிகள் இருக்கிற காட்டில் அது நல்ல பூட்டு. உலகத்திலேயே ஒரு செடிதான் என்கிறபோது, அதே பூட்டு வம்சத்தையே முடித்துவிடும்.

மக்டலேனாவின் யோசனை எளிமையானது. வாசலில்தானே தடை? வாசலையே வெட்டிவிட்டால்?

2003இல், பூக்களின் சூல்முடியைக் கூரிய கத்தியால் சீவிவிட்டு, வெட்டுப்பட்ட இடத்திலேயே மகரந்தத்தை வைத்தார். ஒரு பூவில் முயன்றார், ஆகவில்லை. இன்னொன்று, ஆகவில்லை. பூ பூவாக, நாள் நாளாகச் செய்துகொண்டே இருந்தார். வெளிச்சமும் வெப்பமும் செடிக்குக் கூடுதலாகக் கிடைத்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்தார். எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போனது.

ஒருநாள், ஒரு பூ உதிர்ந்த பிறகும் அதன் அடிப்பகுதி உதிராமல் நின்றது. பிறகு லேசாகப் பருத்தது. நாள் செல்லச் செல்ல அது காய்தான் என்பது உறுதியானது. அதற்குள் இருந்த விதைகள் விரல்விட்டு எண்ணிவிடக் கூடியவைதான். ஆனால், ரோட்ரிக்ஸில் அந்தப் பையன் கிளை ஒடித்த நாளிலிருந்து அதுவரை, அந்த இனத்துக்குப் பிறந்த முதல் பிள்ளைகள் அவை.

பின்னாளில் ஸ்பானியப் பத்திரிகை ஒன்று அவருக்குத் 'தாவரங்களின் மீட்பர்' என்று பட்டம் கொடுத்தது. அதே பெயரில் 2017இல் அவர் புத்தகமும் எழுதினார். தொடக்கத்தில் அவரிடம் இருந்ததென்னவோ ஒரு கத்தியும், பொறுமையும், 'முடியாது' என்று சொன்னவர்களை மரியாதையாக நம்ப மறுத்த குணமும்தான்.

ஆமைக்காக வேடம் போட்ட இலை

விதைகள் முளைத்தபோது இன்னொரு வேடிக்கை காத்திருந்தது.

கியூவில் அதுவரை இருந்தவை எல்லாம் போத்தில் வந்த வளர்ந்த செடிகள். பளபளவென்ற அகலமான பச்சை இலைகள். ஆனால், விதையிலிருந்து எழுந்த குட்டிச் செடியைப் பார்த்தால் அதே இனம் என்று சொல்லவே முடியாது. இலைகள் நீளமாக, நாடா போல ஒடுங்கி, பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தன. உயிருள்ள செடிதானா, காய்ந்த குச்சியா என்று சந்தேகம் வரும். பால்ஃபோர் நூறாண்டுக்கு மேல் முன்னால் எழுதிய இரட்டை இலை சமாச்சாரம் இதுதான்.

ஏன் இந்த வேடம்? லெகா பார்த்து வியந்த அந்த ராட்சத ஆமைகளுக்காகத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தரையோடு தரையாகச் சின்னச் செடி நிற்கும்போது, ஆமையின் வாய்க்கு எட்டும். அதனால் காய்ந்த சருகு போல் வேடம் போட்டுத் தப்பிக்கிறது. ஆமையின் கழுத்து எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டால், பிறகு பயம் இல்லை. வேடத்தைக் கலைத்துவிட்டு, ஹாயாகப் பச்சை இலை விடுகிறது.

ரோட்ரிக்ஸின் ஆமைகள் அழிந்து இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. அது செடிக்கு யாரும் சொல்லவில்லை. லண்டன் கண்ணாடிக் கூடத்தில், பூட்டிய கதவுக்கு உள்ளே, தொட்டி மண்ணில் முளைத்த பிஞ்சும் ஆமைக்குப் பயந்து சருகாக நடித்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பசியைப் பார்த்தவர்கள், வசதி வந்த பிறகும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்கள் இல்லையா? அது போன்ற பழக்கம்தான்.

வீடு திரும்பியது

முதல் கனிக்குப் பிறகு, முறை கைவந்துவிட்டதால் விதைகள் பெருகின. கியூவிலிருந்து விதைகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்ப அனுப்பப்பட்டன. போத்தாக விமானம் ஏறிப் போன செடி, விதையாக வீடு திரும்பியது. தீவின் நாற்றங்கால்களில் கஃபே மரோன் கன்றுகள் எழுந்தன. ஆனாலும், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'மிக ஆபத்தான நிலையில்' உள்ள இனம்தான். எல்லாப் பிள்ளைகளும் ஒற்றைத் தாயின் வழி வந்தவை. பழைய வளம் திரும்பப் பல தலைமுறை ஆகும். திரும்பாமலும் போகலாம்.

2007இல் ரோட்ரிக்ஸில் லெகாவின் பெயரில் ஓர் ஆமைக் காப்பகம் திறந்தார்கள். தீவின் சொந்த ஆமைகள் மீண்டும் வர வழியில்லை. அதனால் அல்டாப்ரா இனத்து ராட்சத ஆமைகளையும், மடகாஸ்கரின் கதிர் ஆமைகளையும் கொண்டுவந்து, மண்ணுக்குரிய செடிகளையும் ஆயிரக்கணக்கில் நட்டு வளர்க்கிறார்கள். இருநூறு வருட இடைவெளிக்குப் பிறகு, அந்தத் தீவின் புல்லில் மறுபடியும் ஆமைகள் மெதுவாக மேய்கின்றன.

அதே தீவின் நாற்றங்கால்களில், விதையிலிருந்து எழும் ஒவ்வொரு கஃபே மரோன் பிஞ்சும் இன்றைக்கும் பழுப்பு இலையோடுதான் பிறக்கிறது. இத்தனை நாள் வீணாக நடிப்பது போலத் தெரிந்த அந்த நாடகத்தைப் பார்க்க, பக்கத்திலேயே ஆமைகள் வந்துவிட்டன. செடி தன் பழக்கத்தை மறக்கவில்லை. ஊர் தன் செடியின் பெயரை மறக்கவில்லை. நடுவில் எல்லோரும் மறந்துபோயிருந்த ஒன்றை நினைவுபடுத்த, ஓர் ஆசிரியரும், சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு பையனும் தேவைப்பட்டார்கள்.

பள்ளியில் அவனுக்கு அந்த வீட்டுப்பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுத்திருப்பார்களோ!